கேள்வி–பதில்: பறக்கும் ஓட்டோவும் நெருப்புப்பெட்டி வீடும்

கேள்வி: எங்கள் பாடசாலையில் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கிறோம். ஒரு பக்கம் உலகக் கண்காட்சிகளுக்காகக் கட்டிய கட்டடங்களின் மாதிரிகள், மற்றப் பக்கம் '2075இல் யாழ்ப்பாணம்' என்று பிள்ளைகள் வரைந்த படங்கள். படங்கள் எல்லாம் ஒரே அச்சு: கண்ணாடிக் கோபுரம், பறக்கும் கார், ரோபோ. பிள்ளைகளை எப்படிச் சொந்தமாக யோசிக்க வைப்பது? எந்தக் கட்டடங்களை மாதிரியாகச் செய்யலாம்?
– ஒரு ஆசிரியை, கோண்டாவில்

பதில்: ரீச்சர், நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு தரம் பார்த்தேன். பிள்ளைகளில் பிழை இல்லை. அந்தக் கோபுரமும் காரும் பெரியவர்கள் கட்டிக் காட்டியவை, கார்ட்டூனுக்குள்ளால் சுற்றி வந்து இவர்களின் கொப்பியில் விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். 1939இல் நியூயோர்க் கண்காட்சியில் 'ஃபியூச்சராமா' என்று ஒன்று இருந்தது. நோர்மன் பெல் கெடஸ் என்ற மேடை வடிவமைப்பாளர் 1960இன் அமெரிக்காவைக் குட்டி மாதிரியாகச் செய்து வைக்க, சனம் நகரும் கதிரைகளில் இருந்தபடி கீழே பார்த்துக்கொண்டே போகும். வெளியே வரும்போது 'நான் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன்' என்று ஒரு பட்டனும் சட்டையில் குத்திக்கொள்ளலாம். செலவு ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியுடையது. கார் விற்கிறவர்கள் காட்டும் எதிர்காலத்தில் றோட்டு அகலமாகத்தானே இருக்கும்!

ஆனால் உங்கள் படங்களுக்குள் ஒரு படம் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. மூலையில் ஒரு பறக்கும் ஓட்டோ, கிடுகு வேலிக்கு மேலால் எழும்புகிறது. பக்கத்தில் துலாக் கிணறு. ஓட்டோ வந்து முட்டக்கூடாதென்று துலா நுனியில் ஒரு சிவப்பு லைற்! அந்தப் பிள்ளை கார்ட்டூனில் தொடங்கி, நடுவில் தன் வளவை நினைத்துவிட்டது. அதனால் 'எதிர்காலத்தை வரை' என்று மட்டும் சொல்லி விடாமல் சின்னச் சின்னதாகக் கேளுங்கள்: 2075இல் உங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்குமா, உப்பாக இருந்தால் என்ன செய்வீர்கள், மாரியில் ஒழுங்கைக்குள் வெள்ளம் நின்றால் அம்மம்மா எப்படிக் கோயிலுக்குப் போவா? படம் தானாக மாறும்.

மாதிரிக்கு நான் முதலில் எடுப்பது மொன்றியலில் 1967 கண்காட்சிக்காகக் கட்டிய ஹபிற்றாற் 67 என்ற மாடிக் குடியிருப்பு. மொஷே சாஃப்டி என்ற கட்டடக்கலைஞர் கல்லூரியில் செய்த திட்டத்திலிருந்து வளர்ந்தது. 354 கொங்கிறீற் பெட்டிகளைத் தனியே வார்த்து, கிறேனால் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாகத் தள்ளித் தள்ளி அடுக்கினார்கள். கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டுக்காரருக்கு முற்றம். இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வெறும் நெருப்புப்பெட்டிகள் போதும், 354 சேர்க்கத் தேவையில்லை, முப்பது நாற்பது காணும். 'மாடி வீட்டிலும் முற்றம் வேண்டும்' என்பது நம்முடைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தவே தேவையில்லாத விசயம்.

இரண்டாவது, பிரசல்ஸ் 1958இன் அற்றோமியம். இரும்பில் அணுக்கள் அடுக்கியிருக்கும் படிகத்தின் ஓர் அலகை 16,500 கோடி மடங்கு பெருப்பித்த உருவம், உயரம் 102 மீற்றர். ஒன்பது பிங்பொங் பந்து, இருபது ஈர்க்கு: பன்னிரண்டு கனசதுரத்தின் விளிம்புகளுக்கு, எட்டு நடுப்பந்திலிருந்து மூலைகளுக்கு. அதை ஒரு மூலையில் நிறுத்தவேண்டும், கட்டாயம் சரியும். பிள்ளைகள் அழுதால் சொல்லுங்கள், உண்மையானதுக்கே பக்கத்தில் மூன்று இடத்தில் கால் கொடுத்துத்தான் நிறுத்தியிருக்கிறார்கள்.

லண்டன் 1851 கண்காட்சிக்குக் கண்ணாடியும் இரும்புமாகக் கட்டிய பளிங்கு மாளிகையை (கிறிஸ்ரல் பலஸ்) கதையாகச் சொன்னாலே போதும். அதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்ரன் தோட்டக்காரராக இருந்தவர். இராட்சத அல்லியின் இலையில் தன் சின்ன மகளை ஏற்றி நிறுத்திக் காட்டியவர். அந்த இலையின் அடிநரம்புகளைப் பார்த்துத்தான் இரும்புக் கூரையை யோசித்தார்.

அப்புறம், படங்களைப் பேணிக்குள் போட்டுப் புதைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். 1970இல் ஜப்பானின் ஒசாக்கா கண்காட்சியிலும் இப்படிப் புதைத்தார்கள், 6970இல் திறக்கவாம். அவர்கள் விசேட உலோகக் கலத்தில் வைத்தார்கள், ரீச்சர். நமக்குக் கறையான் இருக்கிறது. அதிபரின் இரும்பு அலுமாரியே நல்லது.

கேள்வி: இப்படியான கண்காட்சிகளுக்கு இலங்கை போனதுண்டா?
– உயர்தர மாணவன், சாவகச்சேரி

பதில்: போனது, தம்பி. 1893இல் சிக்காகோவில் மரச்செதுக்கு வேலையோடு ஒரு இலங்கை மண்டபம் நின்றது. கண்காட்சி முடிய அதைக் கழற்றிக் கொண்டுபோய், விஸ்கொன்சினில் ஜெனீவா ஏரிக்கரையில் ஒரு பணக்காரர் வீடாகக் கட்டிக்கொண்டார். 1970 ஒசாக்காவுக்கான இலங்கை மண்டபத்தை நம் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தார். ஓட்டுக் கூரையும் முற்றமுமாக அறியப்பட்ட பாவா அங்கே என்ன செய்தார் என்று அதன் பழைய படங்களைத் தேடிப் பார், ஆச்சரியப்படுவாய்.

கேள்வி: ஈஃபில் கோபுரத்தை உடைக்க இருந்தார்களாமே?
– ஒரு வாசகர், மானிப்பாய்

பதில்: ஓம். 1889 கண்காட்சிக்குக் கட்டும்போது கொடுத்த அனுமதி 20 வருடம். வானொலி அன்ரெனாவுக்கு உயரமான கம்பம் தேவைப்பட்டதால் விட்டுவிட்டார்கள்.