கட்சிப் பெரும்புள்ளிகள் ஆட்டிவைத்த காலத்து அமெரிக்காவில் சீர்திருத்தம் பேசியவர்கள் எப்படி மேலே வந்தார்கள்?

பெரும்பாலோர் தியோடர் ரூஸ்வெல்ட்டைத்தான் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது நியூ ஜெர்சிக் கதை. அங்கே சீர்திருத்தவாதியைக் கைபிடித்து அழைத்துவந்ததே ஒரு பெரும்புள்ளிதான்.

ஜேம்ஸ் ஸ்மித் ஜூனியர். நியூ ஜெர்சியின் நியூவார்க் நகர வட்டாரத்தில், ஜனநாயகக் கட்சியில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் ஆளுநர் தேர்தலில் கட்சி தோற்றுக்கொண்டே இருந்ததால், கறைபடாத முகம் ஒன்று தேவைப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவர் உட்ரோ வில்சனைப் பத்திரிகை ஆசிரியர் ஜார்ஜ் ஹார்வி சிபாரிசு செய்தார். அரசியல் அறியாத பேராசிரியர், சொன்னபடி கேட்பார் என்று ஸ்மித் கணக்குப் போட்டார். 1910 செப்டம்பரில் மாநிலத் தலைநகர் டிரென்டனில் நடந்த கட்சி மாநாட்டில், சீர்திருத்த அணியினர் எதிர்க்க எதிர்க்க, ஸ்மித்தின் ஆட்கள் வில்சனை வேட்பாளராக்கினார்கள். யாருக்கும் எந்த வாக்குறுதியும் தரவில்லை என்று அவர் அங்கேயே பேசியதும், எதிர்த்தவர்களே கைதட்டினார்கள்.

நவம்பரில் வில்சன் வென்றார். அப்போது செனட்டர்களை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினர்களை, மாநிலச் சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். முன்பு வகித்த அந்தப் பதவி மீது ஸ்மித்துக்கு மறுபடி ஆசை வந்தது. கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே சொல்லும் முன்தேர்தலில் வென்றிருந்தவரோ ஜேம்ஸ் மார்ட்டின். அந்த முடிவு சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது; மார்ட்டினின் திறமை மீது வில்சனுக்கும் பெரிய மதிப்பில்லை. கொஞ்ச காலம் தயங்கினார். பிறகு ஸ்மித்தின் வீட்டுக்கே போய், விலகிக்கொள்ளும்படி கேட்டார். அவர் மறுக்கவே, பொதுக்கூட்டங்களில் அவரை எதிர்த்துப் பேசினார். சட்டமன்ற உறுப்பினர்களையும் சந்தித்து ஆதரவு திரட்டினார். 1911 ஜனவரியில் முதல் சுற்றில் மார்ட்டினுக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்தது. மறுநாள் அவர் செனட்டர்.

ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தார் என்று ஸ்மித் தரப்பு புலம்பியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என்னைக் கவர்ந்தது வேறு. வேட்பாளர்களை வாக்காளர்களே தேர்வுசெய்ய வழிசெய்யும் கெரன் மசோதா வந்தபோது, ஸ்மித்தின் உறவினரும் கட்சியின் மாநிலத் தலைவருமான ஜேம்ஸ் நியூஜென்ட் ஆளுநர் அறையில் கொதித்தெழுந்தார். பதவிகளைக் காட்டித்தான் வாக்கு வாங்குகிறீர்கள் என்றார். வில்சன் விடைகொடுத்து, கதவைக் காட்டினார். நியூஜென்ட் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. வில்சனின் செயலாளர் ஜோசப் டுமல்ட்டி வழியாக நியமனங்கள் சீர்திருத்த அணிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. பெரும்புள்ளிகளின் ஆயுதத்தையே எடுத்து அவர்களை அடித்தார், மசோதா நிறைவேறியது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது.

(அதிபரானபின் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைப் பிரித்துவைக்க அனுமதித்ததும் இதே வில்சன்தான். அவரைத் தலையில் தூக்கிவைக்க எனக்கு மனம் வருவதில்லை.)

ஸ்மித் அத்தோடு விடவில்லை. 1912-இல் இன்னொரு செனட் இடத்துக்காக நின்றார். வில்சன் மீண்டும் எதிர்த்தார். இம்முறை முன்தேர்தலிலேயே ஸ்மித் தோற்றார்.