இறுகிப்போன இன்ஜின், துருப்பிடித்த டாங்க்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இருபது ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடக்கிறது தாத்தாவின் மோட்டார் சைக்கிள். 1960களில் இங்கிலாந்தில் தயாரான ஒற்றை சிலிண்டர் வண்டி. கிக்கர் அசையவில்லை, டாங்கின் உள்ளே துரு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே கொண்டுவர ஆசை. எல்லாவற்றையும் பிரித்து, மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்து, பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சுட்டுப் படியவைக்கும் பூச்சு) கொடுத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: பிரிக்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். மணல் அடிப்பதை சேசிஸ் தாங்கும், இன்ஜின் தாங்காது. பவுடர் கோட்டிங்கோ உங்கள் ஆசைக்கே எதிரானது. அந்தக் காலத்தில் எனாமல் பூசி அடுப்பில் சுட்டார்கள். அது மெல்லிய படலம். பவுடர் கோட்டிங் தடிமனானது. விளிம்புகளை மழுங்கடிக்கும், போல்ட் துளைகளை இறுக்கும், சேசிஸில் பொறித்த எண்ணையும் மூடிவிடும். அந்த எண்ணும் இன்ஜின் எண்ணும் போனால் பதிவுச் சிக்கல் வேறு. எமரித் தாள்கூட அங்கே படக் கூடாது.

உங்கள் வண்டி புதிதில் எப்படி இருந்தது என்பதற்கு முதல் சாட்சி அந்த வண்டியேதான். மாடலுக்குரிய உதிரிபாகப் புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள். ஆனால் இடையில் செய்த மாற்றங்கள் எல்லாம் அதில் இருக்காது. எனவே அழுக்கைத் துடைக்காமலேயே படம் எடுங்கள். எந்தக் கேபிள் எந்தப் பக்கம் வளைந்து போகிறது, கிளிப் எங்கே பிடிக்கிறது, போல்ட்டின் தலை உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா, வாஷர் எத்தனை என எல்லாம் பதிவாக வேண்டும். அசல் நிறம் வெயில் படாத இடங்களில் ஒளிந்திருக்கும்: டாங்க் சின்னத்தின் அடியில், முழங்கால் ரப்பருக்குப் பின்னால், ஹெட்லைட் கிண்ணத்தின் உட்புறம். டாங்கில் பொன்னிறக் கோடு இருந்தால் அதன் மேல் டிரேசிங் தாளை விரித்துப் படியெடுத்து, கோட்டின் அகலத்தையும் விளிம்பிலிருந்து உள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பல தொழிற்சாலைகளில் இந்தக் கோட்டைக் கையால்தான் இழுத்தார்கள். இரு பக்கமும் மயிரிழை வித்தியாசம் இருந்தால் அதைத் 'திருத்த' வேண்டாம்.

இதையெல்லாம் பார்க்கும்போது பழைய பெயிண்ட் பெருமளவு உயிரோடிருப்பது தெரிந்தால், மறுபடி பூசுவதையே கைவிடச் சொல்வேன். பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமும் புதுப்பிப்பதற்கு முன்னால் பாதுகாப்பதைத்தான் வைக்கிறது.

இனி இன்ஜின். பெரும்பாலும் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவேறி ஒட்டியிருக்கும். கிக்கர் மீது ஏறிக் குதித்தால் முதலில் உடைவது கிக்கர் பல்சக்கரம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துரு தளர்த்தும் எண்ணெயையோ, ஏ.டி.எஃப். எண்ணெயும் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கான கியர் எண்ணெய்) அசிட்டோனும் சம அளவு கலந்த கலவையையோ துளை வழியே ஊற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், திறந்தவெளியில் செய்யுங்கள். அவ்வப்போது மேலும் ஊற்றி, சில நாள் பொறுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், மீதி தானாக வரும். அசையாவிட்டால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி மேலிருந்து பார்க்க வேண்டியதுதான்.

சுழல ஆரம்பித்ததும் ஸ்டார்ட் செய்ய மனம் துடிக்கும். கூடாது. துரு தின்ற சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்மானம் வரம்பைத் தாண்டியிருந்தால் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து சற்றே அகலமாக்கி, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். எண்ணெய் வழிகளில் பல ஆண்டுக் கசடு இறுகியிருக்கும். அதையும் முழுவதுமாக எடுக்க வேண்டும். மணல் வேண்டாம் என்றதும் இதனால்தான். ஒரு சிட்டிகை மணல் அந்த வழிகளில் தங்கினாலும் பேரிங் அரைபட்டுப் போகும். அலுமினிய உறைகளுக்கு மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும். அல்லது நீரோடு சேர்த்து அடிக்கும் ஈர பிளாஸ்டிங். அந்த உறைகள் பல கண்ணாடிபோல் மின்னியபடி வெளிவந்தவையும் அல்ல.

டாங்க் துருவுக்கு நான் நம்புவது மின்னாற்பகுப்பு. சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, நடுவில் டாங்கைத் தொடாதபடி ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் நேர்முனையைக் கம்பியிலும் எதிர்முனையை டாங்கிலும் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தால் டாங்க் கரையும். எவர்சில்வர் கம்பி கூடவே கூடாது, நச்சான குரோமியம் கலந்துவிடும். ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் காற்றோட்டமும் தீப்பொறி இல்லாத இடமும் அவசியம். முடிந்ததும் அலசி, உடனே உலர்த்தி, உள்ளே எண்ணெய் புரட்டுங்கள். ஈர இரும்பு சில நிமிடங்களிலேயே மறுபடி சிவக்கும்.

ஸ்பேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் விட்வொர்த் முதலிய பழைய மரைகள் இருக்கும். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்த அளவு நட்டின் தலையைக் குறிப்பதில்லை, போல்ட்டின் தண்டைக் குறிக்கிறது. மெட்ரிக் ஸ்பேனர் 'ஏறத்தாழப்' பொருந்தி, மூலைகளை உருட்டிவிடும். பழைய போல்ட்டுகளை எறிந்துவிட்டு, பளபள குரோம் போல்ட் போடுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அசலில் பெரும்பாலும் மங்கலான காட்மியம் பூச்சு. காட்மியம் நச்சு என்பதால் இன்று மங்கலான துத்தநாகப் பூச்சு போதும்.

பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் எர்த், அதாவது சேசிஸோடு இணையும் முனை. சரிபார்க்காமல் பழக்கப்படி மாட்டினால் ரெக்டிஃபையர் (மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பாகம்) போய்விடும்.

பெயிண்டைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். முதலில் வெறும் உலோகமாகவே முழு வண்டியையும் ஒருமுறை பூட்டுங்கள். மட்கார்டு துளை சேராது, ஸ்டாண்டு இடிக்கும், செயின் ஒரு பக்கம் உரசும். ராவுவதும் வளைப்பதும் அப்போதே முடியட்டும். இன்ஜினையும் அந்த நிலையிலேயே ஓட்டிப் பார்த்து, எண்ணெய்க் கசிவை எல்லாம் அடைத்த பிறகு பிரித்து, பெயிண்டரிடம் கொடுங்கள்.