அஞ்செட்டி மலைப் பக்கம் மண் ரோட்டில் கார் ஓட்ட: கேள்வி பதில்

அண்ணா, என்னுடையது சாதாரண முன்சக்கர இழுவை கார். கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைக் கிராமங்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் போக முடியுமா?

காய்ந்த நாளில் போகலாம் தம்பி. வண்டியின் அடிவயிறுதான் கவலை. பாறை துருத்திய இடத்தில் கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டப் பார்ப்பார்கள். அப்போதுதான் ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி, அடிவாங்கும். ஒரு பக்கச் சக்கரத்தைக் கல்லின் மேலேயே ஏற்றி, முதல் கியரில் மெதுவாக இறக்குங்கள். நடுமேடு உயர்ந்த தடத்திலும் ஒரு சக்கரம் மேட்டில், ஒன்று ஓரத்தில். சந்தேகமான இடத்தில் ஒருவர் இறங்கி முன்னால் நின்று வழி காட்ட வேண்டும்.

அடிபட்டு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை அணையுங்கள். "ஊர் வரைக்கும் ஓட்டிடலாம்" என்று போனால் இன்ஜின் ஜாம் ஆகிவிடும். சிறிய விரிசல் என்றால் ஆயில் பிசுக்கைப் பெட்ரோல் துணியால் சுத்தமாகத் துடைத்து எம்-சீல் பசையை அப்பி, இறுகியபின் ஆயில் ஊற்றலாம். பிசுக்கு இருந்தால் ஒட்டவே ஒட்டாது.

டயரில் காற்று எவ்வளவு வைக்கலாம்?

தார் ரோட்டுக்கு 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்றால், கல் தடத்துக்கு 25, 26 போதும். காற்று குறைந்தால் டயர் கல்லுக்கு ஏற்ப அமுங்கிக்கொடுக்கும், வெட்டுப்படுவது குறையும், பிடிப்பும் கூடும். வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. தாருக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு நிரப்புங்கள். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் சூடாகிக் கிழியும். சிகரெட் சாக்கெட்டில் செருகும் சின்ன கம்ப்ரசர் கையில் இருக்கட்டும்.

இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை வருகிறது ஐயா.

மிதித்துக்கொண்டே இறங்குகிறீர்கள். இறக்கம் தொடங்குமுன்பே முதல் அல்லது இரண்டாவது கியருக்கு வந்து, இன்ஜினே வண்டியைப் பிடிக்க விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் லிவரை எல் (L) அல்லது மேனுவலில் வையுங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினால் போதும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு போல இறங்கும். அப்புறம் பிரேக் பிடிக்காது. இந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும், பழசானால் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாடை வந்தால் அரை மணி நேரம் நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஏற்றத்தில் பாதியில் நின்றுபோனால் திருப்ப முயலாதீர்கள், வண்டி பக்கவாட்டில் உருளும். ரிவர்ஸ் கியரில் வந்த வழியே நேராக இறங்குங்கள்.

தொட்டல்லா ஆறு மாதிரி ஓடைகளை எப்படித் தாண்டுவது?

மழைக்காலத்தில் தாண்டாமல் இருப்பதுதான் என் பதில். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் பெய்த மழை சிறிது நேரத்தில் கீழே வந்துவிடும். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும் அறிகுறி. ஒரு அடி ஓட்டமான நீரே சின்ன காரைத் தூக்கிவிடும். நீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

யானை?

ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து கூட்டமாக இறங்கும். இருட்டினபின் அந்த ரோடுகளில் ஓட்டாதீர்கள். எதிரில் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், விளக்கைப் பாய்ச்ச வேண்டாம், இன்ஜின் ஓடட்டும், ரிவர்ஸில் பின்வாங்குங்கள். செல்ஃபி எடுக்க இறங்குவது உயிரோடு விளையாடுவது.

இங்குள்ள காட்டில் பெரும்பகுதி 2014-ல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமானது. மேப்பில் தடம் தெரிகிறது என்பதால் அதில் போகலாம் என்று அர்த்தமில்லை. முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

பெட்ரோல்?

தேன்கனிக்கோட்டையில் ஃபுல் டேங்க். முதல் கியரிலேயே ஊர்வதால் வழக்கமான மைலேஜில் பாதி என்று கணக்குப் போடுங்கள்.

முள் குத்தினால்?

டியூப்லெஸ் டயரில் காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் முள்ளைப் பிடுங்காதீர்கள். காற்று நிரப்பிக்கொண்டு ஊர் போய்ச் சேருங்கள். வேகமாக இறங்கினால் பிடுங்கி, ஓட்டையை ரீமரால் (முறுக்குக் கம்பிக் கருவி) அராவி, ஓட்டையை அடைக்கும் ரப்பர் புரியைச் செருகுங்கள். பக்கச்சுவரில் வெட்டு விழுந்திருந்தால் புரி நிற்காது, ஸ்டெப்னிதான். அதிலும் காற்று இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.