கொம்புச்சாவுக்கு உயரமான டாங்க் சரிப்படுமா?

கேள்வி: 20 லிட்டர் கண்ணாடி ஜாடிகளில் கொம்புச்சா (சர்க்கரை சேர்த்துப் புளிக்கவைத்த தேநீர்) தயாரித்து விற்கிறோம். அடுத்து 200 லிட்டருக்குப் போகும் யோசனை. அடிப்பக்கம் கூம்பாக, குளிர்நீர் ஓடும் உறையோடு உயரமான பீர் டாங்க் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? சூட்டை எப்படிக் கட்டுக்குள் வைப்பது?

பதில்: முதல் கட்ட நொதித்தலுக்கு அது வேண்டாம். பீருக்கு அருமையான பாத்திரம்தான்; காற்றில்லாமலே ஈஸ்ட் வேலையை முடித்துக் கூம்பில் படியும், குழாயைத் திறந்து வெளியேற்றிவிடலாம். கொம்புச்சாவில் ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்க, அதை அசிட்டிக் பாக்டீரியா புளிப்பாக்க வேண்டும். அந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று தேவை. காற்று படுவதோ மேல்பரப்பில் மட்டும். ஒடுங்கி உயர்ந்த டாங்கில் ஈஸ்ட் முந்திக்கொள்ளும். புளிப்பு ஏறாமல் ஆல்கஹால் தேங்கும். பல நாடுகளில் மதுவல்லாத பானத்துக்கு 0.5 சதவீதம்தான் உச்சவரம்பு என்பதால், இது ருசியோடு முடிகிற விஷயம் இல்லை.

நானாக இருந்தால் 50 லிட்டரில் நான்கு அகலத் தொட்டிகள் வாங்குவேன். திரவத்தின் ஆழம் தொட்டியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஒன்றில் பூஞ்சை பிடித்தாலும் மற்ற மூன்றும் தப்பும். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். ஆனால் குளோரின் ப்ளீச்சால் கழுவாதீர்கள், அது ஸ்டீலை அரித்துப் புள்ளி விழச் செய்யும். பித்தளைக் குழாய், அலுமினிய மூடி எதுவும் புளிப்பில் படக் கூடாது. வாங்குமுன் உள்பக்க வெல்டிங் மேல் ஒரு பஞ்சுருண்டையை இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே அழுக்கும் தங்கும்.

சரி, சூடு. 24 முதல் 28 டிகிரி வரை நல்லது. 20-க்குக் கீழே போனால் வேலை மந்தமாகும், பூஞ்சைக்கு வழி விடும். 30-ஐத் தாண்டினால் ஈஸ்ட் துள்ளும். நொதித்தலே சூட்டைக் கிளப்பும் என்பதை ஜாடியில் நீங்கள் உணர்ந்திருக்க மாட்டீர்கள். அதே வடிவத்தில் கொள்ளளவு 10 மடங்கு ஏறினால், சூட்டை வெளியேற்றும் பரப்பு சுமார் 4.6 மடங்குதான் ஏறும். பெரிய தொட்டி தன் சூட்டிலேயே புழுங்கும். சிறியவற்றை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம்.

நான்கு தொட்டிக்கும் தனித்தனி உறை வீண் செலவு. சுவர்களில் வெப்பத்தடுப்பு போட்ட சிறிய அறை, ஓர் ஏசி, ஒரு ஹீட்டர், இரண்டையும் இயக்கும் கன்ட்ரோலர் போதும். அதை 26 டிகிரியில் வையுங்கள்; 1 டிகிரி கூடினால் ஏசியும், 1 டிகிரி குறைந்தால் ஹீட்டரும் ஓடட்டும். கம்பிரசர் நின்றதும் மறுபடி ஓட 3 முதல் 5 நிமிட இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் பழுதாகும்.

சென்சாரை அறைச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன் நான். அது 26 காட்டியது. தொட்டிக்குள் தெர்மாமீட்டரை விட்டால் 31! இப்போது நடுத்தொட்டியில், திரவத்தின் பாதி ஆழம் வரை இறங்கும் ஸ்டீல் குழலுக்குள் சென்சாரை வைக்கிறேன். ஹீட்டிங் பெல்ட் கட்டுவதானால் தொட்டியின் பக்கவாட்டில் கட்டுங்கள். அடியில் சூடு வைத்தால் அங்கே படிந்திருக்கும் ஈஸ்டைத்தான் தட்டி எழுப்புவீர்கள். மேலே நெருக்கமாக நெய்த துணி கட்டுங்கள், சல்லடைத் துணிக்குள் பழ ஈ நுழைந்துவிடும்.

அப்புறம், அந்த பீர் டாங்க். புளிப்பு சரியாக வந்தபின் பானத்தை 2 முதல் 4 டிகிரிக்கு இறக்கி ஈஸ்டை அடக்கி, வாயு ஏற்ற அந்த உறை வெகுவாக உதவும். அதற்காக வாங்குவதானால், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பொறித்த தகடு டாங்கிலேயே இருக்கிறதா, அழுத்தம் கூடினால் தானே திறக்கும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அதில் வாயு ஏற்றாதீர்கள்.