உங்கள் பங்குக்கு எத்தனை இரவுகள்?

கேள்வி: அம்மா பக்கவாதத்தில் படுத்து ஆறு வருடம் ஆகிறது. திருவனந்தபுரத்தில் நர்ஸாக இருந்த என் தங்கை வேலையை விட்டுவிட்டு வந்து கூடவே இருந்து பார்க்கிறாள். கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டாள். சபையில் எல்லாரும் அவளைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். இப்போது திடீரென்று, பக்கத்து ஆஸ்பத்திரியில் பகல் டியூட்டிக்குப் போகிறேன் என்கிறாள். 'தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு' என்ற வசனத்தைக் காட்டினேன். எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சோமர்வெல் லண்டன் வாழ்க்கையை உதறிவிட்டு நெய்யூருக்கு வந்ததையும் சொன்னேன். அழுதாள், அப்புறம் ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. நான் அரை கிலோமீட்டர் தள்ளித்தான் குடியிருக்கிறேன். கடை, சபைச் செயலாளர் பொறுப்பு என்று எனக்கு ஓய்வே கிடையாது. நான் சொன்னது சரிதானே?
ஒரு வாசகர், பாறசாலை

பதில்: சரியில்லை, சகோதரரே. அந்த வசனத்தை நீங்கள் வாசித்த விதமும் சரியில்லை, அதை எடுத்துக்கொண்டு போன வீடும் சரியில்லை.

முதலில் வசனம். லூக்கா 9:23. பழைய மொழிபெயர்ப்பின் 'தன்னைத்தான் வெறுத்து' என்பதைக் கேட்டே நாமெல்லாம் வளர்ந்தோம். தன்னை வெறுப்பதுதான் பக்தி என்று எத்தனையோ பெண்கள் அதை நெஞ்சில் சுமந்து வாழ்ந்து முடித்துவிட்டார்கள். 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதே இடம் 'தன்னலம் துறந்து' என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் வெறுப்பு என்ற சொல்லே இல்லை. இதே அழைப்பு மாற்கு 8:34இலும் வருகிறது. அங்கே உள்ள வினைச்சொல்லும், பதினான்காம் அதிகாரத்தில் பேதுருவைப் பார்த்து 'மூன்றுதரம் என்னை மறுதலிப்பாய்' என்று ஆண்டவர் சொல்லும் வினைச்சொல்லும் ஒன்றே.

ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன அந்த ராத்திரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, 'நீங்கள் சொல்லுகிற மனுஷனை அறியேன்' என்கிறான். அந்த வார்த்தையை நாம் நம்மைப் பார்த்தே சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அழைப்பு. என் கடை, என் பொறுப்பு, என் ஓய்வு என்று உள்ளே ஒருவன் கணக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறான் அல்லவா, அவனைப் பார்த்து 'இந்த ஆளை எனக்குத் தெரியாது' என்று சொல்வது. இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். தங்கையின் முகத்துக்கு நேராகச் சொன்னால் அது பேதுரு அன்றைக்குச் செய்ததாகவே ஆகிவிடும். கூடவே நின்ற ஒருத்தியை அறியேன் என்று கைவிடுவது அது.

சோமர்வெல்லைச் சொன்னீர்கள். நல்லது, அவர் கதையை முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். 1922இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில், அன்றைய திருவிதாங்கூரின் நெய்யூர் ஆஸ்பத்திரியில் குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்தார். மனம் தாங்காமல் அங்கேயே சேர்ந்துவிட்டார். பல வருடங்கள் நெய்யூரில், பிறகு வேலூரில் என்று உழைத்தார். அவரை யாரும் வசனம் காட்டி அனுப்பவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். நெய்யூருக்கு வந்த பிறகும் 1924இல் அவர் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். ஓவியம் வரைவதையும் விடவில்லை. தனக்குப் பிடித்ததையெல்லாம் வெறுத்துத் தொலைத்த மனிதர் இல்லை அவர். உங்கள் தங்கை கேட்பதும் பகல் நேரத்தில் தான் படித்த வேலையைச் செய்வதற்குத்தான். அம்மாவை விட்டுவிட்டுப் போகிறேன் என்று அவள் சொல்லவே இல்லையே.

எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் கைப்பிடி அரிசிக்கென்று ஒரு சின்னப் பானை இருக்கும். அம்மா உலைக்கு அரிசி அளந்ததும் ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள். மாதக் கடைசியில் அது சபைக்குப் போகும். ஒருமுறை, வீட்டில் அரிசி குறைவாக இருந்த சமயம், நான் ஆர்வமாகப் போய் ரெண்டு பிடி அள்ளிப் போட்டேன். அம்மா ஒரு பிடியைத் திருப்பி எடுத்து உலையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "மத்தவங்க வயித்துக்குள்ளத எடுத்து ஆண்டவருக்குக் குடுக்கப்பிடாது." அன்றைக்கு அவள் கஞ்சியில் தண்ணீர்தான் அதிகமாக இருந்தது. அதை நான் கவனிப்பதற்கே வயது ஆகவேண்டியிருந்தது. அந்த ஒரு பிடி அவள் பங்கிலிருந்து மட்டும் போயிருக்கிறது, இத்தனை வருடமும்.

சிலுவையும் அப்படித்தான் கொடுக்கப்பட்டது. 'ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான். நானே அதைக் கொடுக்கிறேன்' என்று தம் ஜீவனைப் பற்றி ஆண்டவர் யோவான் பத்தாம் அதிகாரத்தில் சொல்கிறார். அடுத்தவர் பிடுங்கினால் அதற்கு வேறு பெயர்.

இனி சபைச் செயலாளர் பொறுப்பு. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்று ஒரு சொல் வருகிறது, வாசித்திருப்பீர்கள். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை, 'இது தேவனுக்கென்று நேர்ந்துவிட்டேன்' என்று சொல்லி ஒரு மகன் தப்பித்துக்கொள்வது. ஆண்டவர் அதை எவ்வளவு கோபமாகக் கண்டிக்கிறார்! ஆலயத்துக்குக் கொடுத்த நேரம் என்று சொல்லித் தாயின் கட்டிலைத் தாண்டிப் போக முடியாது. எனக்கும் சபை வேலை உண்டு. இதை எழுதும்போது எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தக் கட்டில் பக்கத்து வேலை என்னவென்று ஒருநாள் முழுக்க இருந்து பார்த்திருக்கிறீர்களா? புண் வராமல் இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் தோல் சிவந்துவிடும். கஞ்சியை ஸ்பூனில் கொடுத்து, விழுங்கினாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஆறு வருடம் இதைச் செய்தவள் அம்மாவை எவ்வளவு நேசிக்கிறாள் என்பதற்கு யார் வசனமும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். அவள் வேலைக்குப் போகட்டும். பகலில் அம்மாவோடு இருக்க ஒரு ஆள் வையுங்கள், சம்பளம் உங்கள் கடையிலிருந்து போகட்டும். உங்கள் கேரளத்தில் 2008இலேயே பாலியேட்டிவ் கவனிப்புக்கு, அதாவது நீண்ட நாள் நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் கவனிப்புக்கு, அரசு கொள்கை வந்துவிட்டது. பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. இதெல்லாம் தங்கைக்குத் தெரிந்திருக்கும், போய்ப் பதிந்துவிட்டு வர ஆள்தான் இருந்திருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த வாரமே நீங்கள் போங்கள். செயலாளர் பொறுப்பை ஒரு வருடம் வேறு யாரும் பார்க்கட்டும்.

வாரத்தில் மூன்று இரவு உங்களுடையது. நாளைக்கே தொடங்குங்கள். சாப்பிட்டுவிட்டு அங்கே போய், எந்தப் பக்கம் எத்தனை மணிக்குத் திருப்ப வேண்டும் என்று தங்கையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள். போனில் பன்னிரண்டு, ரெண்டு, நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள்.