அல்புஹாரா மலைக்கிராமங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தெற்கு ஸ்பெயினில், சியரா நெவாடா மலையின் தென்சரிவுக்கு அல்புஹாரா என்று பெயர். அங்கே பொகெய்ரா பள்ளத்தாக்கின் ஓரத்தில் படி வைத்ததுபோல மூன்று வெள்ளைக் கிராமங்கள்: கீழே பம்பனெய்ரா (சுமார் 1,060 மீட்டர்), நடுவில் புபியோன் (1,300), மேலே கப்பிலெய்ரா (1,436). இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் இவற்றைச் சுற்றியே.

கேள்வி: கிரனடாவில் அல்ஹம்ப்ரா பார்த்த பிறகு ஒரு நாள் மிச்சமிருக்கிறது. மலைக்கிராமம் போய் அன்றே திரும்ப முடியுமா?

முடியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கிரனடா பேருந்து நிலையத்திலிருந்து கப்பிலெய்ராவுக்கு அல்சா பேருந்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். போக, வர ஐந்து மணி நேரம் வண்டியிலேயே போய்விடும். காலை வண்டியில் போனாலும் இறங்கும்போது நண்பகல் நெருங்கியிருக்கும். இரண்டு மணிக்குக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க ஐந்து, ஐந்தரை ஆகும். அவர்கள் திறக்கும் நேரத்தில் நீங்கள் திரும்பும் வண்டிக்காக நின்றுகொண்டிருப்பீர்கள். "ஊரே காலியாக இருந்தது" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இப்படிப் போனவர்கள்தான்.

ஓர் இரவாவது தங்குங்கள். பகல் பயணிகள் போன பிறகுதான் ஊர்க்காரர்கள் வீதிக்கு வருவார்கள். தங்கவே வழியில்லை என்றால் கப்பிலெய்ராவரை பேருந்தில் ஏறிப் போய், நடந்து இறங்கி, பம்பனெய்ராவில் திரும்பும் வண்டியைப் பிடியுங்கள். நாளொன்றுக்குச் சில வண்டிகளே உண்டு. மலையில் இறங்கியதுமே கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பணமும் கிரனடாவிலோ வழியிலுள்ள ஓர்ஹிவாவிலோ எடுத்துவிடுவது நல்லது. சின்ன நோட்டுகளாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: வாடகைக் கார் எடுத்தால் சௌகரியம்தானே? மலைப்பாதை பயமா?

பாதை நல்ல தார்ச்சாலை. கிரனடாவிலிருந்து ஏ-44 நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, லன்ஹரோன், ஓர்ஹிவா வழியாக ஏ-4132 சாலையில் ஏற வேண்டும். வளைவுகள் அதிகம் என்பதைத் தவிர வேறு பயமில்லை. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் இரண்டாவது கியரில் விடுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். பெட்ரோலை ஓர்ஹிவாவிலேயே போட்டுவிடுங்கள். பங்கில் 'கசோலினா' என்றால் பெட்ரோல், 'கசோலியோ' என்றால் டீசல். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. பெட்ரோலுக்கு வட்டக் குறி, டீசலுக்குச் சதுரக் குறி. வண்டியின் டேங்க் மூடிக்குள்ளும் அதே குறி இருக்கும். பார்த்துப் போடுங்கள்.

உண்மையான தொல்லை ஊருக்குள்தான். கைப்பேசி வழிகாட்டி விடுதி வாசல்வரை கொண்டுபோகப் பார்க்கும். அந்தச் சந்துகள் கழுதைக்காகப் போட்டவை. பாதியில் மாட்டினால் பின்னாலேயே எடுத்து வரவேண்டும். ஊர் முகப்பிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சக்கரப் பெட்டி கல் பாவிய ஏற்றத்தில் உருளாது, தோள்பையே சரி.

கேள்வி: முழங்கால் வலி உள்ள அம்மாவுடன் வருகிறேன். மூன்று ஊர்களையும் நடந்து பார்க்கலாமா?

அம்மா வேண்டாம், நீங்கள் நடக்கலாம். கப்பிலெய்ராவிலிருந்து பம்பனெய்ராவுக்குக் கிட்டத்தட்ட 375 மீட்டர் இறக்கம். நின்று பார்த்துக்கொண்டு வந்தால் ஒன்றரை மணி நேரம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முழங்கால் வாங்கும். புபியோனுக்குக் கீழே உள்ள பகுதிதான் செங்குத்து. உதிரிக் கற்கள் சறுக்கும், அதனால் அடிப்பகுதி தேயாத காலணி வேண்டும். அம்மாவைப் பேருந்தில் பம்பனெய்ராவுக்கு அனுப்பி, தேவாலயச் சதுக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். சுற்றிலும் ஹரப்பா விற்கும் கடைகள் இருக்கும் (சிந்துவெளிக்குச் சம்பந்தமில்லை, பழந்துணிக் கீற்றுகளைப் பாவில் ஊடி நெய்யும் கம்பளத்துக்கு அங்கே அந்தப் பெயர்).

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் விவரமாகக் கேட்க வேண்டும். 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையான ஹமோனைப் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பக்கத்து ஊரான திரெவேலெஸ் அதற்கே பேர்போனது. கலவை சாலட்டில் சூரைமீன் தூவி வரும். சூப் பெரும்பாலும் எலும்புச் சாறு. ஆகவே இறைச்சி, ஹமோன், சூரைமீன் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்.' முட்டையும் ஆகாது என்றால் 'சின் உவேவோ'.

நம்பிக் கேட்கக்கூடியது 'பதாதாஸ் அ லோ போப்ரே', ஏழை வீட்டு உருளைக்கிழங்கு என்று பொருள். உருளை, வெங்காயம், பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் ஆலிவ் எண்ணெயில் மெல்ல வதக்குவார்கள். 'பிளாதோ அல்புஹாரேன்யோ' என்று கேட்டுவிடாதீர்கள். அதே உருளைதான், மேலே முட்டை, தொத்திறைச்சி, ரத்தத் தொத்திறைச்சி, ஹமோன் எல்லாம் குவிந்திருக்கும். பாதாம், பூண்டு, ரொட்டி, எண்ணெய், வினிகர் சேர்த்து அரைத்த 'அஹோ பிளாங்கோ' குளிர் சூப்பும், கரும்புப்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவலும் ஆகும்.

இன்னொன்று. கிரனடா மாகாணத்தில் பானம் ஏதாவது கேட்டால் கூடவே ஒரு சிறுதட்டு இலவசமாக வரும். அதில் என்ன வைப்பது என்பது கடைக்காரர் இஷ்டம். எனவே பானம் சொல்லும்போதே மேலே உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு முன்பு கிடைக்காது, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன்பு கிடைக்காது. இடைவேளைக்குப் பழமும் ரொட்டியும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: படங்களில் வீடுகளுக்கு ஓட்டுக்கூரையே இல்லையே, மழைக்கு என்ன செய்கிறார்கள்?

செஸ்ட்நட் மர உத்திரங்கள், அவற்றின் மேல் சிலேட்டுப் பலகைகள், அதற்கு மேல் லௌனா என்ற சாம்பல்நிறக் களிமண். மண் நனைந்ததும் உப்பி, இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். ஓரத்தில் சிலேட்டு நீட்டிக்கொண்டிருப்பதால் தண்ணீர் சுவரில் வழியாது. களை வேர்விட்ட இடத்திலும் மண் கரைந்து மெலிந்த இடத்திலும்தான் ஒழுகும். அங்கே புதிதாக லௌனா போட்டு மூடுவார்கள். மொட்டைமாடியில் மிளகாயும் அத்தியும் காயவைப்பது கூடுதல் லாபம்.

மொரோக்கோவின் அட்லஸ் மலையில் உள்ள வீடுகளும் இதே சாடைதான். இங்கே முன்பு வாழ்ந்த மொரிஸ்கோக்கள் (கிறிஸ்தவராக மாற்றப்பட்ட முஸ்லிம்கள்) 1568-இல் செய்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு அவர்கள் வெளியேற்றப்பட்டபோது, வட ஸ்பெயினிலிருந்து குடியேறியவர்கள் வீடுகளோடு கட்டும் முறையையும் வைத்துக்கொண்டார்கள். வீதியின் மேல் அறை நீண்டு கூரைபோல மூடியிருப்பதற்குத் தினாவோ என்று பெயர். அதன் கீழ் நடக்கலாம், ஆனால் பூந்தொட்டி வரிசைக்கு அப்பால் இருப்பது ஒருவர் வீட்டு வாசல்.

கேள்வி: நடைபாதையோரம் ஓடும் வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது, மேலே ஆடுமாடு மேய்கிறது. ஊர் நீரூற்றுகளில் 'அகுவா போதாப்ளே' என்றிருந்தால் குடிக்கலாம். 'நோ போதாப்ளே' என்றால் கை கழுவ மட்டும்.

அந்த வாய்க்கால்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. அவற்றுக்கு அங்கே 'அசேகியா' என்று பெயர், அரபியிலிருந்து வந்த சொல். வாய்க்காலும் மூர்கள் (ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்கள்) காலத்து வழிமுறை. வயலுக்கு முறைவைத்துப் பாய்ச்சுபவை ஒரு வகை. இன்னொரு வகை வயலுக்கே போகாது: வசந்தத்தில் உருகும் பனிநீரை உயரத்திலேயே மறித்து, நீர் உறிஞ்சும் சரிவில் வேண்டுமென்றே பரவவிடுவார்கள். அது பாறை இடுக்குகளில் மெல்ல இறங்கி, வாரங்கள், மாதங்கள் கழித்துக் கோடையில் கீழுள்ள ஊற்றுகளில் வெளிவரும். அணை கட்டாமல் மலைக்குள்ளேயே நீரைச் சேமிக்கும் வித்தை. அதனால்தான் மண்கரையின் மேல் நடக்காதீர்கள், குறுக்கே கிடக்கும் கல்லையோ பலகையையோ நகர்த்தாதீர்கள். அது குப்பை அல்ல, யாரோ முறைபார்த்து வைத்த மடை.

கேள்வி: ஜனவரியில் கல்வீடு ஒன்று வாடகைக்குப் பார்த்திருக்கிறோம். குளிர் தாங்குமா?

பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கணப்பு தவிர மின் வெப்பமூட்டி உண்டா, விறகு வாடகையில் சேர்த்தியா? சில நாள் பூட்டிக் கிடந்த கல்வீட்டின் தடித்த சுவர் சூடேற ஒரு நாள் பிடிக்கும். வருவதற்கு முதல் நாளே மூட்டிவைக்கச் சொல்லுங்கள். அடுப்பு புகைந்தால் பதற வேண்டாம். புகைபோக்கியின் அடைப்புத் தகடு திறந்திருக்கிறதா பாருங்கள். திறந்திருந்தும் புகைந்தால், உள்ளே குளிர்ந்த காற்று கனத்து நிற்கிறது என்று பொருள். ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கி வாய்க்குள் சிறிது நேரம் பிடித்தால் காற்று மேலேறத் தொடங்கும். பிறகு சுள்ளி, அதன் பிறகே கட்டை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

கேள்வி: கப்பிலெய்ராவிலிருந்து முலசேன் சிகரம் ஏறலாமா?

ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரம், 3,479 மீட்டர். கோடையில் தேசியப் பூங்காவின் சிற்றுந்து கப்பிலெய்ராவிலிருந்து 2,700 மீட்டர் அளவில் கொண்டுபோய் விடும். மிச்சம் மூன்று மணி நேர ஏற்றம். முன்பதிவு செய்யுங்கள். திரும்பும் நேரத்தைத் தவறவிட்டால் நெடுந்தூரம் நடந்தே இறங்க வேண்டும். தனியார் கார்கள் 2,150 மீட்டரில் உள்ள ஓயா தெல் போர்த்தியோ தடுப்புக்கு மேல் போக முடியாது. ஜூனில்கூட உச்சியருகே பனித்திட்டு இருக்கும். தலைவலியும் குமட்டலும் வந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டாம், இறங்கிவிடுங்கள். அவசர உதவிக்கு 112.