காரில் ஏறும் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

ஓட்டும்போது விழுந்து சைக்கிளை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். காரில் ஏற்றிப் போன இடத்தில் அதைக் காயப்படுத்திக்கொண்டு வருகிறவர்களுக்கும் என் பட்டறையில் குறைவில்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

பின் சீட்டை மடக்கினால், கார்பன் இழை ஃப்ரேம் போட்ட என் ரோடு சைக்கிள் காருக்குள்ளேயே படுத்துவிடுகிறது. படுக்க வைத்தால் கெட்டுப்போகும், கூரையில் நிற்க வைத்துத்தான் கொண்டு போக வேண்டும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

நீங்கள்தான் சரி. உள்ளே இடம் இருந்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். காற்று, மழை, தெறிக்கிற கல், திருட்டுப் பயம் எல்லாம் ஒரேயடியாகக் கழிந்துவிடும். படுக்க வைப்பதால் ஃப்ரேமுக்கு ஒன்றும் ஆகாது. எந்தப் பக்கம் கீழே இருக்கிறது என்பதுதான் விஷயம். செயின் இருக்கிற வலப்பக்கம் எப்போதும் மேலே இருக்கட்டும். கியர் மாற்றுகிற அந்தத் தொங்கும் கை, அதுதான் டீரெய்லர், ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டின் வழியாகத்தான் ஃப்ரேமோடு சேர்கிறது. அடி பட்டால் ஃப்ரேம் பிழைக்க வேண்டும், தான் வளைந்தாலும் பரவாயில்லை என்று வேண்டுமென்றே அதை மென்மையாகச் செய்திருக்கிறார்கள். சைக்கிளின் எடை அதன்மேல் உட்கார்ந்தால் அது தன் கடமையைச் செய்துவிடும்!

முன் சக்கரத்தை மட்டும் கழற்றினாலே இடம் போதும் என்றால், பின்னால் இருக்கும் பல்சக்கரங்களில் மிகப் பெரியதற்குக் கியரை மாற்றி வையுங்கள். டீரெய்லர் உள்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். பின் சக்கரத்தையும் கழற்ற வேண்டும் என்றால் இதற்கு நேர்மாறு: மிகச் சிறியதற்கு மாற்றினால்தான் சக்கரம் முரண்டு பிடிக்காமல் வெளியே வரும், திரும்பப் போடவும் சுலபம்.

கழற்றிய பிறகு, முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே பிடிமானம் இல்லாமல் போகிறது. த்ரூ ஆக்ஸில், அதாவது முழுதாக உருவி எடுக்கும் திருகு அச்சு, உள்ள சைக்கிள் என்றால், உருவிய ஆக்ஸிலையே திரும்ப நுழைத்துத் திருகிவிடுங்கள். ஆக்ஸிலும் தொலையாது. க்விக் ரிலீஸ், அதாவது நெம்பைத் தளர்த்தினால் சக்கரம் கழலும் வகை என்றால், புது சைக்கிளை அட்டைப்பெட்டியில் அனுப்பும்போது அந்த இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி அனுப்புவார்கள். சைக்கிள் கடையில் கேட்டால் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

அப்புறம், கழற்றிய சக்கரத்தை எங்கே வைக்கிறீர்கள்? நான் பார்த்த காயங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. சக்கரத்தின் அச்சு முனை ஃப்ரேமின் குழாயைத் தொட்டபடி கிடக்கும். கிளம்பும்போது லேசான தொடுதல்தான். இரண்டு மணி நேரம் கார் அதிர அதிர, பெயிண்ட் போய், அடியில் இருக்கும் கார்பன் இழைவரை அரித்துவிடும். சக்கரங்களைத் தனிப் பையில் போடுங்கள். பை இல்லையென்றால் நடுவே தடிமனான போர்வை வேண்டும். டிஸ்க் பிரேக் தட்டு புதிதாக இருக்கும்போதே 1.8 மில்லிமீட்டர்தான் தடிமன், அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துப் படுக்கப் போடாதீர்கள். சைக்கிளின் மேல் பெட்டி, பை எதையும் அடுக்காதீர்கள், “லேசான பைதானே” என்றாலும் கூடாது. திடீரென்று பிரேக் போட்டால் முன்னால் பாயாதபடி ஒரு பட்டை போட்டுக் கட்டினால் முடிந்தது.

சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தபோது பையன் பிரேக்கை அழுத்திவிட்டான். இப்போது டிஸ்க் உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது. பிரேக் போய்விட்டதா?

போகவில்லை. நடுவில் டிஸ்க் இல்லாததால் ஹைட்ராலிக் பிஸ்டன்கள் தேவைக்கு மேல் வெளியே வந்து, டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேடுகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. டயரைக் கழற்றும் பிளாஸ்டிக் லீவரைப் பேடுகளுக்கு நடுவே நுழைத்து, மெதுவாக, சமமாகப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பேடின் முகம் பெயரும், பேடு கழன்றிருந்தால் பிஸ்டனே விரிசல் விடலாம். அடுத்த முறை சக்கரம் கழன்றவுடன் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். பல மடங்கு மடித்த அட்டைகூடப் போதும்.

சக்கர விளிம்பையே (ரிம்) பிடிக்கும் ரிம் பிரேக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சக்கரத்தை எடுக்கத் திறந்த பிரேக் நெம்பை மூட மறந்துவிட்டு இறக்கத்தில் இறங்குகிறவர்கள் அவர்கள்தான்.

டிக்கியில் பட்டைகளால் கட்டுகிற கேரியர் வாங்கியிருக்கிறேன். மேல் குழாயைப் பிடித்துத் தொங்கவிடும் வகை. கார்பன் ஃப்ரேமை அதில் மாட்டலாமா?

மாட்டாதீர்கள் என்பதுதான் என் பதில். வாங்கிவிட்டீர்கள், வருத்தம்தான். கார்பன் பலவீனமானது என்று நான் சொல்லவில்லை. சவாரியில் எந்தத் திசையில் சுமை வருமோ அந்தத் திசைக்கு ஏற்ப இழைகளை அடுக்கியிருக்கிறார்கள். அங்கே அது இரும்புக்குச் சளைத்ததல்ல. ஆனால் மேல் குழாயின் நடுப்பகுதியில் சுவர் மிக மெல்லியது. அந்த இடத்தைக் கவ்விப் பிடித்து நசுக்குவார்கள் என்று யாரும் கணக்குப் போடவில்லை. போதாததற்கு மேடு பள்ளம் ஒவ்வொன்றிலும் சைக்கிள் ஆடி அதே இடத்தில் இடிக்கும். மெல்லிய அலுமினியக் குழாயும் இப்படி நசுங்கும். ஒரே வித்தியாசம், அலுமினியம் பள்ளத்தை வெளியே காட்டிவிடும், கார்பன் உள்ளுக்குள்ளேயே இழை பிரிந்து வெளியே பளபளப்பாக இருக்கும்.

வேறு வழியே இல்லையென்றால், சீட் கம்பத்துக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே மாட்டுகிற போலி மேல் குழாய் கிடைக்கிறது. கேரியரின் பிடி அதில் விழட்டும். சீட் கம்பம் வட்டமாக இல்லாமல் காற்றுக்கேற்ப தட்டையாக இருந்தால் அதுவும் சரியாக உட்காராது, பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறைகின்றனவா என்றும் ஒருமுறை பின்னால் போய் நின்று பாருங்கள்.

கூரை கேரியரில் ஃபோர்க்கைப் பூட்டும் வகை நல்லதா, சக்கரத்தைப் பிடிக்கும் வகை நல்லதா?

மூன்றாவது வகையை முதலில் கழித்துவிடலாம்: கீழ்க் குழாயை நகம்போலக் கவ்வும் கை உள்ளது. காரணம் மேலே சொன்னதுதான்.

மீதி இரண்டில் என் ஓட்டு சக்கரத்தை மட்டும் பிடிக்கும் வகைக்கு. ஃப்ரேமை எதுவும் தொடுவதில்லை. சக்கரம் கழற்ற வேண்டாம், ஆக்ஸில் எந்த அளவு என்ற கவலையும் இல்லை. ரிம் 50, 60 மில்லிமீட்டர் ஆழமானது என்றால் கூடவே வரும் பட்டையின் நீளம் போதாது, நீளமானதைக் கேட்டு வாங்குங்கள். பட்டை ரிம்மைத் தொடும் இடத்தில் மண் இல்லாமல் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். மணலும் அதிர்வும் சேர்ந்தால் உப்புத்தாள்தான்.

ஃபோர்க் பூட்டும் வகை மோசம் என்று சொல்ல மாட்டேன். சைக்கிள் தாழ்வாக நிற்கும், ஆட்டம் குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது முழு விசையும் ஃபோர்க்கின் இரண்டு நுனிகளில் இறங்குகிறது. உங்கள் ஃபோர்க்கைச் செய்தவர்கள் இதை அனுமதிக்கிறார்களா என்று கையேட்டில் பாருங்கள். பழைய க்விக் ரிலீஸ் ஃபோர்க் 9 மில்லிமீட்டர் அச்சுக்கானது, இன்றைய டிஸ்க் ரோடு பைக்குகளில் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் த்ரூ ஆக்ஸில். ஒன்றுக்கானதில் மற்றொன்று உட்காராது. அதற்கென்று அடாப்டர் வேண்டும்.

கூரையின் சுமை வரம்பு காரின் கையேட்டில் இருக்கும். கேரியரின் எடையும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பதைப் பலர் மறக்கிறார்கள்.

எதுவாக இருந்தாலும், கூரையில் சைக்கிள் நின்றால் காரின் உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும். எனக்கு இது ஏட்டறிவு இல்லை. நாலு மணி நேரம் பத்திரமாக ஓட்டி வந்து, களைப்பில், அடித்தள வாகன நிறுத்தத்துக்குள் நேராக நுழைந்தவன் நான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஹேண்டில்பார், சீட் கம்பம், கூரைத் தகடு மூன்றும் போயின. அன்றிலிருந்து சைக்கிள் மேலே இருந்தால் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறேன். அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

மழைக்காக உறை போட்டுக் கூரையில் ஏற்றலாமா?

வேண்டாம். முழு உறை காற்றில் பாய்மரமாகிவிடும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் விசை நாலு மடங்கு. கேரியர் அதற்குச் செய்யப்பட்டதல்ல. தண்ணீர்ப் போத்தல், மீட்டர், பம்ப், சீட் பை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நனைய விடுங்கள், போய்ச் சேர்ந்ததும் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

பின்பக்கத் தாங்கியில் கொண்டு போனேன். ஒரு டயர் மட்டும் ஓரத்தில் உருகினாற்போல் இருக்கிறது. எதனால்?

சைலன்சர் வாய்க்கு நேராக அந்தச் சக்கரம் இருந்திருக்கும். டயரை மாற்றுங்கள். ரிம் கார்பன் என்றால் அந்த இடத்தில் நிறம் மாறியோ உப்பியோ இருக்கிறதா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள். சூடு இழையை விட்டுவிட்டாலும் அதைப் பிணைக்கும் பிசினை விடாது. அடுத்த முறை சைக்கிளைத் திருப்பி ஏற்றிப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும்.

வெயிலில் மூடிய காருக்குள் மணிக்கணக்கில் கிடந்தால் கார்பன் இளகிவிடுமா?

ஃப்ரேமைப் பற்றிக் கவலை வேண்டாம், டயரைப் பற்றிக் கவலைப்படுங்கள். மூடிய காரில் 65 டிகிரி செல்சியஸ் என்பது வெயில் காலத்தில் அதிசயமில்லை. 20 டிகிரியில் 4.5 பார் அடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளிக் காற்றழுத்தமும் சேர்த்து மொத்தம் 5.5 பார். டயரும் 65 டிகிரிக்குச் சூடானால் அது ஏறக்குறைய 6.3 ஆகும், அதாவது உங்கள் மீட்டரில் 5.3. டயரைக் கவ்வும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்களுக்கு உச்ச வரம்பே 5 பார்தான்! ஏற்றும் முன் பாதிக் காற்றை இறக்கிவிடுங்கள், போன இடத்தில் அடித்துக்கொள்ளலாம். டியூப் இல்லாத டயர் என்றால் உள்ளே இருக்கும், ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவமும் சூட்டில் சீக்கிரம் காயும்.

எலக்ட்ரானிக் கியருக்கு ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா?

கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சில வயர்லெஸ் கியர்கள் அசைவை உணர்ந்து விழித்துக்கொள்ளும். காரின் அதிர்வில் வழி முழுவதும் விழித்தே இருந்து, நீங்கள் இறங்கும்போது பேட்டரி தூங்கிவிடும்.

ஒரே காரில் இரண்டு சைக்கிள் உள்ளே வைக்கலாமா?

வைக்கலாம், பெடல்களைக் கழற்றினால். அடுத்த சைக்கிளின் ஃப்ரேமைக் குத்துவது பெடல்தான். இடப் பெடலின் மரை தலைகீழ்: வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் முழு பலத்தோடு இறுக்கியவர்கள் பலர்.

போய்ச் சேர்ந்து ஓட்டத் தொடங்கினால் கியர் தாவுகிறது. கிளம்பும்போது நன்றாகத்தான் இருந்தது.

ஹேங்கர் வளைந்திருக்கும். சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள்: டீரெய்லரின் இரண்டு சின்னப் பற்சக்கரங்களும் மேலே இருக்கும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால், கேபிளைத் திருகிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முக்கியமாக, மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றாதீர்கள். டீரெய்லர் சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளுக்குள் நுழைந்தால் சக்கரம், டீரெய்லர், சில சமயம் ஃப்ரேம் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். பெரும்பாலான ஃப்ரேம்களுக்கு ஹேங்கர் வடிவம் தனித்தனி, போன ஊரில் உங்களுடையது கிடைக்கும் என்று நம்பாதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு, உதிரியாக ஒன்றை வாங்கிச் சீட் பையிலேயே போட்டு வையுங்கள்.